மணிக்கட்டை யார் முதலில் பார்ப்பது?

எட்கர் ஆலன் இதயத்தை மனதில் வைத்துத் தன் பெயரில் வழங்கும் மணிக்கட்டுச் சோதனையை உருவாக்கவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மேயோ கிளினிக்கில் பணியாற்றிய அவரிடம் வந்தவர்கள் விரல் நுனி கறுத்தவர்கள். பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆண்கள். 1908இல் நியூயார்க்கில் லியோ பர்கர் விவரித்த நோய் அது. கை கால்களின் சிறு தமனிகள் அழன்று, உள்ளே ரத்தம் உறைந்து, விரல்கள் ஒவ்வொன்றாக அழுகும். நம் ஊரில் பீடி பிடிப்பவர்களிடம் இந்த நோய் இன்றும் உண்டு. அரசு மருத்துவமனைகளின் ரத்தநாளப் பிரிவில் வேலை பார்த்த எவரும் இவர்களை மறக்க மாட்டார்கள்.

மணிக்கட்டு வரைக்கும் உள்ள அடைப்பை நாடி பிடித்தே சொல்லிவிடலாம். அதற்குக் கீழே, உள்ளங்கைக்குப் போகும் வழியில் அடைப்பு இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எல்லாம் பிறக்காத காலம். 1929இல் ஆலன் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு வழி சொன்னது, செலவில்லாத வழி. நோயாளி இரண்டு கைகளையும் இறுக்கி மூட வேண்டும். மருத்துவர் இரு மணிக்கட்டிலும் கட்டைவிரல் பக்கத்துத் தமனியை அழுத்திப் பிடிப்பார். பிடித்தபடியே விரல்களை விரிக்கச் சொல்வார். வெளுத்த உள்ளங்கை சிவந்தால் சுண்டுவிரல் பக்கத்துத் தமனி திறந்திருக்கிறது. வெளுத்தே கிடந்தால் அது அடைபட்டிருக்கிறது. அவ்வளவுதான்.

ஆலன் கேட்டது, இந்தக் கை எதை இழந்துவிட்டது என்பதை. நன்றாக இருக்கும் ஒரு கையிலிருந்து எதை எடுக்கலாம் என்ற கேள்வி அவருக்கு வந்திருக்கவே வழியில்லை. கையின் தமனியை எடுத்து வேறோர் இடத்தில் வைக்கும் வழக்கம் அப்போது இதய மருத்துவத்தில் இல்லை.

1952இல் நியூயார்க்கின் இர்விங் ரைட் இதைக் கொஞ்சம் மாற்றினார். இரண்டு கைகளையும் ஒருசேரப் பார்ப்பதற்குப் பதில் ஒரே கையை எடுத்துக்கொள்வது. ஒரு தமனிக்குப் பதில் இரண்டையும் சேர்த்து அழுத்துவது. பிறகு ஒன்றை மட்டும் விடுவது. இன்று உலகம் முழுவதும் ‘ஆலன் சோதனை’ என்ற பெயரில் செய்யப்படுவது உண்மையில் இந்த ரைட்டின் சோதனைதான். பெயர் ஆலனிடமே தங்கிவிட்டது. மருத்துவத்தில் இப்படி நடப்பது புதிதல்ல.

அந்தச் சோதனையை இப்போது ஒரு வார்டில் பார்க்கலாம். பைபாஸுக்கு முந்தைய நாள் மாலை. அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். நீரிழிவு, மூன்று குழாய் அடைப்பு. பயிற்சி மருத்துவர் வந்து நிற்கிறார்.

“ஐயா, எந்தக் கையால சாப்பிடுறீங்க, எழுதுறீங்க?”

“வலது கைதாம்மா.”

“அப்ப இடது கையக் குடுங்க. நல்லா இறுக்கி மூடுங்க. விடுங்க. மறுபடி மூடுங்க. இன்னொரு தடவை… அப்படியே வெச்சுக்குங்க.”

மருத்துவரின் இரண்டு கட்டைவிரல்களும் மணிக்கட்டின் இரண்டு ஓரங்களிலும் அழுந்துகின்றன. “இப்ப மெதுவா விரிங்க, முழுசா விறைப்பா நீட்ட வேணாம்.” கை விரிகிறது. உள்ளங்கை சோளமாவு நிறத்தில் வெளுத்திருக்கிறது. சுண்டுவிரல் பக்கத்து அழுத்தத்தை மட்டும் மருத்துவர் விடுகிறார். உதடு மெல்ல எண்ணுகிறது. சுண்டுவிரலின் அடியிலிருந்து செம்மை கிளம்பி, உள்ளங்கையைக் கடந்து, கடைசியாகக் கட்டைவிரலின் சதைமேட்டில் வந்து சேர்கிறது. அந்தக் கடைசி இடம்தான் முக்கியம். கட்டைவிரல் பக்கத்துத் தமனியை எடுத்துவிட்டால் தவித்துப்போகக்கூடிய முதல் இடம் அதுவே.

இரண்டு வாய்க்கால் பாயும் ஒரு வயலில் ஒன்றை அடைத்தால் மற்றொன்றின் தண்ணீர் கடைசி வரப்பு வரை எட்டுகிறதா என்று பார்ப்பது போன்றது இது. முழங்கைக்குக் கீழே கைக்கு வரும் ரத்தம் இரண்டாகப் பிரிகிறது: கட்டைவிரல் பக்கம் ரேடியல் தமனி, சுண்டுவிரல் பக்கம் அல்நார் தமனி. உள்ளங்கைக்குள் இரண்டும் வளைந்து வந்து ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஆழத்தில் ஒரு வளைவு, மேலாக ஒரு வளைவு. எல்லாருக்கும் இவை முழுமையாக மூடிய வளைவுகள் அல்ல. 1961இல் கோல்மன், ஆன்சன் இருவரும் 650 கைகளை அறுத்துப் பார்த்து எழுதிய ஆய்வில், மேல்வளைவு ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான கைகளில் முழுமை பெறாமல் இருந்தது. ஆழத்து வளைவு பெரும்பாலும் முழுமையாக இருந்தது. இயற்கை எல்லாருக்கும் மாற்று வழி வைத்திருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் வைக்கவில்லை. பெரியவரின் இடது கையைப் பிடித்து எண்ணுவது அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளத்தான்.

இந்த ரேடியல் தமனி ஏன் தேவைப்படுகிறது? பைபாஸ் என்பது அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு ஒரு மாற்றுக் குழாய் போடுவது. அந்தக் குழாயைக் கடையில் வாங்க முடியாது. நோயாளியின் உடம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் அர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபவலோரோ காலில் ஓடும் சிரையை எடுத்து இதயத்தில் தைத்தபோது இந்த அறுவை பரவலாகும் வழி திறந்தது. சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் 1975இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸைச் செய்தார். அந்தக் காலத்தில் அறுவை மருத்துவர் பார்த்தது காலைத்தான். கையைப் பார்க்க அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

ஆனால் காலின் குழாய் சிரை. தமனியின் அழுத்தத்தில் ஓடிப் பழகாதது. பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிச் சிரைக் குழாய்கள் சுருங்கியோ அடைபட்டோ போகின்றன என்பது நாளடைவில் தெரிந்தது. நெஞ்சுச் சுவரின் உள்பக்கம் ஓடும் தமனியோ அதே பத்து ஆண்டுகளில் பத்துக்கு ஒன்பது இடங்களில் திறந்தே இருந்தது. அப்படியானால் தமனிதான் நல்லது. இன்னும் தமனி எங்கே கிடைக்கும்? முன்கையில். ஏறக்குறைய 20 செ.மீ. நீளம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டம், எடுக்கவும் எளிது.

பாரிஸில் அலென் கார்பாந்தியே 1971இலேயே இதை முயன்றார், 1973இல் எழுதினார். ரேடியல் தமனி தசைப் பிடிப்பு மிகுந்த குழாய். தொட்டாலே சுருங்கும். சுருங்கியதை விரிக்க உள்ளே உலோகக் கம்பியை விட்டார்கள். அது தமனியின் மெல்லிய உள்தோலைச் சிராய்த்தது. மூன்றில் ஒரு பங்குக் குழாய்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் அடைபட்டன. ஆரம்பித்தவரே கைவிடச் சொன்னார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ரேடியல் தமனி கையிலேயே நிம்மதியாக இருந்தது.

அது திரும்பி வந்த கதை தற்செயலானது. எழுபதுகளில் அறுவை செய்துகொண்ட ஒருவர், ரேடியல் குழாய் அடைபட்டதாக அப்போதே கருதப்பட்டவர், 1989இல் மறுபடி ஆஞ்சியோ செய்துகொண்டார். அடைபட்டதாக நினைத்த குழாய் முழுசாகத் திறந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது! அன்று அடைப்பாகத் தெரிந்தது வெறும் சுருக்கமாக இருந்திருக்கலாமோ? கிறிஸ்தோஃப் அக்காரும் கார்பாந்தியேயும் மறுபடி தொடங்கினார்கள். இம்முறை உள்ளே கம்பி விடவில்லை. தமனியைத் தனியாக உரிக்காமல் கூட ஓடும் சிரைகளோடு சேர்த்து எடுத்தார்கள். சுருக்கத்தைத் தடுக்க டில்டியாஸெம் போன்ற மருந்து கொடுத்தார்கள். 1992இல் அவர்கள் எழுதிய கட்டுரைதான் இன்றைய ரேடியல் குழாயின் மறுபிறப்பு.

மறுபிறப்போடு ஒரு பொறுப்பும் வந்தது. நன்றாக இருக்கும் கையிலிருந்து ஒரு தமனியை நிரந்தரமாக எடுக்கிறோம், கை தாங்குமா? அலமாரியிலிருந்து ஆலனின் பழைய சோதனையை எடுத்துத் தூசி தட்டினார்கள். நோயைத் தேடப் பிறந்த ஒன்று இப்போது தானம் தரக்கூடிய கையைத் தேர்ந்தெடுக்கும் வாயிற்காவலர் ஆனது. வேலை மாறியது, அளவுகோல் மாறவில்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

எத்தனை விநாடி? ஐந்துக்குள் என்றார்கள் சிலர். ஆறு என்றார்கள் சிலர். பத்து, பதினைந்து வரைக்கும் பரவாயில்லை என்ற மருத்துவமனைகளும் உண்டு. மணிக்கட்டைப் பின்னால் அதிகமாக வளைத்தால், விரல்களை விறைப்பாக நீட்டினால், நன்றாக ரத்தம் ஓடும் கையும் வெளுத்துக் காட்டும். அந்தப் பயிற்சி மருத்துவர் விறைப்பா நீட்ட வேணாம் என்று சொன்னதன் காரணம் இதுதான், சொல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஏசி அறையில் குளிர்ந்த கை, ரத்தச்சோகையால் முன்பே வெளுத்த கை, மண்வெட்டியும் கத்தியும் பிடித்துக் காய்ப்புக் காய்த்த கை என்று ஒவ்வொன்றிலும் செம்மை திரும்புவதைக் கண்ணால் பிடிப்பது வெவ்வேறு பாடு. இரண்டு பேர் ஒரே கையைப் பார்த்து இரண்டு எண்ணிக்கை சொல்வது அரிதல்ல.

2000இல் இங்கிலாந்தில் ஜார்விஸும் கூட்டாளிகளும் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். கட்டைவிரலின் ரத்த ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஆலன் சோதனையையும் செய்தார்கள். ஐந்து விநாடியை எல்லையாக வைத்தபோதுதான் சோதனை சிறப்பாக வேலை செய்தது. அப்போதும் ஐந்தில் நான்கு தடவைதான் சரியாகச் சொன்னது. ஒரு நோய்க்கு முதல் சல்லடையாக இது மோசமில்லை. ஒரு கையின் எதிர்காலத்தை முடிவு செய்யும் ஒரே சாட்சி என்றால் போதாது என்பது என் எண்ணம்.

எதிர்க்கட்சி வாதமும் வலுவானது. 1983இல் அமெரிக்காவில் ஸ்லோகாஃப் குழு, அறுவையின்போது ரத்த அழுத்தம் பார்க்க மணிக்கட்டுத் தமனியில் ஊசி செருகிய 1,699 பேரை ஆராய்ந்தது. பலருக்குத் தமனி சிறிது காலமாவது அடைபட்டது. ஒரு கையும் கெட்டுப்போகவில்லை. சோதனையில் தேறாத கைகளும் தப்பின. பின் எதற்கு இந்த விநாடி எண்ணும் சடங்கு என்று கேட்டவர்கள் அப்போதே இருந்தார்கள். ஆனால் ஊசி வைப்பது தற்காலிகம். தமனி அங்கேயே இருக்கிறது, பெரும்பாலும் மறுபடி திறந்துகொள்கிறது. முழங்கைக்குக் கீழிருந்து மணிக்கட்டு வரை தமனியை வெட்டி எடுத்துவிட்டால் திறந்துகொள்ள அங்கே எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. ரேடியல் எடுத்த பின் கை ரத்தமின்றித் தவித்த நிகழ்வுகள் மிக அரிது. ஆனால் நடந்திருக்கின்றன, சோதனையில் தேறிய கையிலும்.

கண்ணின் இடத்தைக் கருவிகள் எடுத்துக்கொண்டது இந்தச் சந்தேகத்தின் வழியாகத்தான். முதலில் வந்தது ஆக்சிமீட்டர். கொரோனா காலத்தில் நம் வீட்டு மேசைகளில் டார்ச் லைட்டுக்குப் பக்கத்தில் இடம்பிடித்த அதே சின்னக் கவ்விதான். ஜப்பானில் தகுவோ அவோயாகி எழுபதுகளின் தொடக்கத்தில் கண்டுபிடித்த கருவி. அதைக் கட்டைவிரலில் மாட்டி, ரேடியல் தமனியை அழுத்தினால் திரையில் ஓடும் அலை என்ன ஆகிறது என்று பார்க்கலாம். கனடாவின் கியூபெக்கில் ஜெரால்ட் பார்போ 2004இல் 1,010 பேரிடம் இதைச் செய்து நான்கு வகைகளாகப் பிரித்தார். அழுத்தினாலும் அலை குறையாத கை, குறைந்தாலும் அணையாத கை, அணைந்து இரண்டு நிமிடத்துக்குள் மீளும் கை, மீளாத கை. ஆலன் சோதனை நூற்றுக்கு ஆறு பேரைத் தள்ளிவைத்த இடத்தில் இந்த முறை நூற்றுக்கு இரண்டு பேரைக்கூடத் தள்ளவில்லை. பார்போ இதைச் செய்தது மணிக்கட்டு வழி ஆஞ்சியோவுக்காக. அறுவை மருத்துவர்கள் தங்கள் வேலைக்கு இரவல் வாங்கினார்கள். சோதனைகள் ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டே இருக்கின்றன, முதலில் கேட்டது ஒன்று, இப்போது கேட்கப்படுவது வேறொன்று.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக் கருவியில் பெரிய எழுத்தில் தெரியும் 97, 98 என்ற எண் இதில் அவ்வளவு முக்கியமில்லை. ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்தாலும் வரும் கொஞ்சத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தால் எண் நன்றாகவே இருக்கும். பார்க்க வேண்டியது அலையின் உயரம். எண்ணைப் பார்த்துத் திருப்திப்படும் பழக்கம் நமக்குக் கொரோனாவில் வந்தது. இங்கே அது உதவாது.

அடுத்து டாப்ளர் ஸ்கேன். வயிற்றில் குழந்தை பார்க்கும் அதே ஜெல், அதே கருவி, சிறிய முனை. இங்கேதான் அன்றைக்கும் இன்றைக்கும் இடையே உண்மையான தூரம் தெரிகிறது. ஆலனின் விரல் ‘அல்நார் தாங்குமா’ என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொன்னது. எடுக்கப்போகும் ரேடியல் தமனி எடுக்கத் தகுதியானதா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஸ்கேன் அதையும் சொல்கிறது. விட்டம் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவா? சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா? நீண்டநாள் நீரிழிவுக்காரர்களின் முன்கைத் தமனி சில சமயம் திரையில் வெண்மணிகள் கோத்த கயிறாகத் தெரியும். அதைத் தைக்கவே முடியாது. வெட்டித் திறந்த பின் இது தெரிந்தால் கையில் ஒரு நீளத் தையல்தான் மிச்சம். ரேடியலை அழுத்தும்போது அல்நாரில் ஓட்டம் கூடுகிறதா, கட்டைவிரல் அடியில் ரத்தம் எதிர்த்திசையில் திரும்பி ஓடுகிறதா என்பதையும் நிறத்தில் காட்டிவிடும். திசை திரும்புவது நல்ல செய்தி. உள்ளங்கையின் வளைவு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஆனாலும் கடைசிச் சோதனை அறுவை அரங்கில், பழைய முறையில்தான் நடக்கிறது. தமனியை முழுக்க விடுவித்த பிறகும் உடனே வெட்டுவதில்லை. சின்னக் கவ்வி ஒன்றைப் போட்டு ஓட்டத்தை நிறுத்தி, கவ்விக்குக் கீழே மணிக்கட்டுப் பக்கத்தில் விரலை வைத்துப் பார்க்கிறார்கள். துடிப்பு இருந்தால் அது அல்நாரிலிருந்து உள்ளங்கை வழியாகச் சுற்றி வந்த துடிப்பு. விரலில் ஆக்சிமீட்டரின் அலையும் நின்றுவிடக் கூடாது. இரண்டும் சரி என்றால் கத்தரி. சந்தேகம் என்றால் தமனியை அங்கேயே விட்டுவிட்டுக் காலுக்குப் போகலாம். லட்ச ரூபாய்க் கருவிகள் சொன்னதையும் கட்டைவிரல் ஒருமுறை சரிபார்க்கிறது. இதில் எனக்கு ஒரு தனிப்பட்ட திருப்தி உண்டு, மறைக்கவில்லை.

இதுவரை சொன்னது ஒரு சோதனை துல்லியமான கதை. ஆனால் இந்த நூறு ஆண்டுகளில் மிகப் பெரிதாக மாறியது துல்லியம் அல்ல, மணிக்கட்டை யார் முதலில் தொடுவது என்ற வரிசை.

1989ஐ மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் பழைய ரேடியல் குழாய் திறந்திருப்பதைக் கண்டு அசந்த அதே ஆண்டில், கனடாவின் மாண்ட்ரியலில் லூசியன் காம்ப்போ தொடை வழியாக அல்லாமல் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்ததைப் பற்றி எழுதினார். அக்காரின் கட்டுரை வந்த 1992இல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமனேய் அதே வழியில் இதயக் குழாய் அடைப்பை விரிக்கத் தொடங்கினார். ஒரே தமனியின் இரண்டு முனைகளை இரண்டு துறைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிடித்து இழுத்தன. ஒருவருக்கொருவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மணிக்கட்டு வழி ஆஞ்சியோ நோயாளிக்கு நல்லது, அதில் வாதமில்லை. தொடை வழியில் செய்தால் மணிக்கணக்கில் காலை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும்; ரத்தக்கசிவு ஆபத்தும் அதிகம். கை வழியில் செய்தவர் கொஞ்ச நேரத்தில் எழுந்து காபி குடிக்கிறார். ஆனால் உள்ளே போய்வரும் குழாய் தமனியின் உள்தோலை உரசுகிறது, சில சமயம் தமனியே அடைபட்டுவிடுகிறது. எழுபதுகளில் கார்பாந்தியே உலோகக் கம்பியால் செய்த தவறை இப்போது வேறொரு கருவி வேறொரு நோக்கத்துக்காகச் செய்கிறது. அப்படி ஆஞ்சியோ செய்த தமனியைப் பைபாஸுக்கு எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கின்றன இன்றைய வழிகாட்டுதல்கள்.

அன்று பைபாஸுக்கு வந்தவருக்குப் பெரும்பாலும் தொடை வழியாகத்தான் ஆஞ்சியோ நடந்திருக்கும். இரண்டு மணிக்கட்டும் தொடப்படாமல் வந்தன. ஆனால் அவற்றை யாரும் கேட்கவில்லை. இன்று எல்லாரும் கேட்கிறார்கள். மணிக்கட்டோ அறுவை மருத்துவரிடம் வரும்போதே ஒரு துளையோடு வருகிறது. ஆஞ்சியோ செய்பவர் வழக்கமாக நோயாளியின் வலப்பக்கம் நின்று வலது கையைப் பயன்படுத்துவதால் இடது கை தப்பிக்கிறது. நோயாளி இடக்கைக்காரராக இருந்தால்? அல்லது வலது தமனி வளைந்து நெளிந்திருந்து, மருத்துவர் இடதுக்கு மாறினால்? 2017இல் கீமனேய் கட்டைவிரல் அடியிலுள்ள பள்ளத்தின் வழியாக இடது கையில் நுழையும் முறையை முன்வைத்த பிறகு இடது கைக்கும் ஆபத்து கூடியிருக்கிறது. இதற்கிடையில் ஆஞ்சியோ அரங்குகள் பலவற்றில் ஆலன் சோதனையே கைவிடப்பட்டுவிட்டது. தேறாத கைகளிலும் பெரிய சேதம் வரவில்லை என்பதால். அவர்களின் கேள்விக்கு அது சரியான பதில்தான். ஆனால் அந்தக் கையைப் பற்றிக் கேட்க இன்னொருவர் வரிசையில் நிற்கிறார்.

மூன்றாவதாக ஒருவரும் நிற்கிறார். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ் செய்ய மணிக்கட்டில் ரேடியல் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போடுவார்கள். நியூயார்க்கில் பிரெஷியாவும் சிமினோவும் 1966இல் எழுதிய முறை. நீரிழிவு இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஒருசேரப் பாதிப்பதால், பைபாஸுக்கு வரும் பலருக்குக் கிரியாட்டினின் ஏற்கெனவே உயர்ந்திருக்கிறது. வார்டில் பார்த்த பெரியவரும் அப்படி ஒருவராக இருக்கலாம். நாலு வருடம் கழித்து டயாலிசிஸ் வரும் சாத்தியம் இருப்பவரின் முன்கைத் தமனியை இன்று எடுத்துவிடலாமா? இதய அறுவை மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் பேசிக்கொண்டால் இதற்குப் பதில் உண்டு. பேசிக்கொள்வதில்லை என்பதே பெரும்பாலான இடங்களின் நிலை.

இவ்வளவு போட்டியும் வீண் அல்ல என்று முடிவுகள் சொல்கின்றன. 2018இல் மாரியோ கௌதினோ குழு ஆறு ஆய்வுகளின் 1,036 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. ஐந்து ஆண்டுகளில் ரேடியல் குழாய் வைத்தவர்களுக்குக் கால் சிரை வைத்தவர்களைவிட இதயப் பாதிப்புகள் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. குழாய் அடைபடுவதும் பாதிக்கும் கீழே போனது. 2021இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், நெஞ்சுத் தமனிக்கு அடுத்தபடியாகக் கால் சிரையைவிட ரேடியலுக்கே முதல் இடம் கொடுத்தது. அப்படி இருந்தும் நடைமுறையில் காலுக்குத்தான் அதிகமாகப் போகிறார்கள். பழக்கம், நேரம், கையைத் தொடப் பயம் எல்லாம் காரணம். தையல் போட்ட கையைப் பார்த்துப் பதறும் நோயாளியின் குடும்பமும் ஒரு காரணம் என்றால் கோபிக்கக் கூடாது. “நெஞ்சுல ஆபரேஷன்னு சொன்னீங்க, கையில எதுக்கு இவ்ளோ நீளத் தையல்?” என்ற கேள்விக்கு முந்தைய நாளே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

தமனி எடுத்த கை பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அல்நார் தமனி கூடுதல் ரத்தத்தைச் சுமக்கப் பழகிக்கொள்கிறது. கட்டைவிரலின் பின்பக்கத்தில் மரத்துப்போன உணர்வு சிலருக்குச் சில மாதம் நீடிக்கும். தமனியை ஒட்டி ஓடும் நரம்பு உரசப்பட்டதன் விளைவு அது, ரத்தக்குறைவு அல்ல. இப்போது எண்டோஸ்கோப் வழியாகச் சின்ன வெட்டில் தமனியை எடுக்கும் மருத்துவமனைகளில் நீளத் தழும்பும் இல்லை. நாடி பார்ப்பவர்களிடம் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: அவர்கள் விரல் வைக்கும் இடம் இதே ரேடியல் தமனிதான். எடுத்த கையில் துடிப்பு கிடைக்காமலோ மெலிந்தோ போனால் பயப்பட ஏதுமில்லை, முன்பே சொல்லிவிட்டால் போதும்.

வீணை வாசிப்பவர், மிருதங்கக்காரர், கடிகாரம் பழுது பார்ப்பவர் போன்றோரின் கையிலிருந்து தமனி எடுக்கத் தயங்க வேண்டும் என்று அறுவை மருத்துவர்களுக்குத் தெரியும். எலும்பு முறிந்து கூடிய முன்கை, குளிரில் விரல் நீலம் பாயும் கை, ஆலன் பார்த்துக்கொண்டிருந்த பர்கர் நோய்க்காரரின் கை, இவற்றை ஸ்கேனுக்கு முன்பே விலக்கிவிடுவார்கள். எடுக்க முடிவான கையில் அதற்குப் பிறகு டிரிப் போடக்கூடாது, ரத்தம் எடுக்கக்கூடாது என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள். இரவு ஷிஃப்ட்டில் வரும் புதிய சிஸ்டர் அதைப் படிக்காமல் அந்தக் கையிலேயே ஊசி குத்திவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. ஆகவே சில வார்டுகளில் அந்த மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டி அதன் மேலேயே எழுதிவிடுகிறார்கள்.

அதே எச்சரிக்கை ஒரு படி முன்னால் நகர்ந்து வர வேண்டும். மூன்று குழாய் அடைப்பு இருக்கலாம் என்று ட்ரெட்மில்லிலும் எக்கோவிலும் சந்தேகம் வந்த நீரிழிவு நோயாளிக்கு, ஆஞ்சியோ மேசையில் ஏறும் முன்பே இரண்டு மணிக்கட்டையும் யாராவது ஒருமுறை அழுத்திப் பார்த்து, எது ஆஞ்சியோவுக்கு, எது பைபாஸுக்கு என்று எழுதி வைக்கலாம். ஐந்து நிமிட வேலை. அது நடக்காத இடத்தில் நோயாளியே கேட்கலாம்: “டாக்டர், எந்தக் கை வழியாப் பண்ணப் போறீங்க? பைபாஸ் வரைக்கும் போனா இந்தக் கை தேவைப்படுமா?” முதல் முறை கேட்கும்போது மருத்துவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார். பிறகு கையை மாற்றிக் கேட்பார், அல்லது இதே கைதான் சரி என்பதற்கான காரணத்தைச் சொல்வார்.